வாங்கிய துப்பாக்கிகளில் எது நிறைவு தந்தது, எது ஏமாற்றியது

தளி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பயிர்க் காவலுக்கென்று புதிதாக லைசென்ஸ் கைக்கு வந்திருக்கிறது, ஒன்றரை லட்சம் வரை செலவு செய்யலாம், முதலில் ரிவால்வர் வாங்குவதா, பன்னிரண்டு போர் (12 bore, ரவை என்னும் சிறு ஈயக்குண்டுகளைச் சுடும் நீளத் துப்பாக்கி) வாங்குவதா என்று வீட்டில் தினமும் பேச்சு ஓடுகிறதாம். "அண்ணா, நீங்கள் இத்தனை வருஷத்தில் வாங்கியதில் எது மனசுக்குப் பிடித்தது, எதை ஏன் வாங்கினோம் என்று ஆனது, மறைக்காமல் சொல்லுங்கள்" என்கிறார். இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் என் பேச்சைக் கேட்டு ஒரு லட்சத்தை இறைக்கக் கூடாது. அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

எங்கள் நிலம் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில், காட்டை ஒட்டி இருக்கிறது. ராகி, அவரை, கொள்ளு. கிணற்றில் தண்ணீர் நின்றால் தக்காளி. அப்பா காலத்திலிருந்து வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. ஒரு கட்டத்தில் என் லைசென்ஸில் மூன்று துப்பாக்கிகள் ஏறியிருந்தன. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம். மசோதாவில் முதலில் ஒன்றுதான் என்று இருந்தது, எதிர்ப்பு வந்த பிறகு இரண்டு என்று முடிந்தது. இரண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஓராண்டுக்குள் மிச்சத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருந்தது.

அப்போது என்னிடம் இருந்தவை: அப்பாவின் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, ஒரு பன்னிரண்டு போர் இரட்டைக்குழல், ஒரு .32 ரிவால்வர். எதைக் கொடுப்பது என்று கேட்டபோது வீட்டில், உறவில், கடையில் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "அந்தப் பழைய நாட்டுத் துப்பாக்கியைக் கொடுத்துத் தொலை. மூன்றிலும் ரிவால்வர்தான் விலை கூடியது." நான் ரிவால்வரைக் கொடுத்தேன். அதற்காக ஒரு நாள்கூட வருந்தியதில்லை. உங்கள் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது, தம்பி.

முதல் ஏமாற்றத்திலிருந்து தொடங்குகிறேன். அப்பா போன பிறகு, 2005-இல் நானாக வாங்கிய முதல் துப்பாக்கி, குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி, வெளியே தெரியும் பழைய இரட்டைக்குழல். அதைப் பார்த்தால் நீங்களும் விழுந்திருப்பீர்கள். குழல் முழுக்க நீரலை போல வரி வரியாக ஓடும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்பையும் எஃகையும் கீற்றுகளாக முறுக்கி, ஒரு தண்டைச் சுற்றிக் காய்ச்சி அடித்துக் குழலாக்கியது. தோளில் வைக்கும் மரக்கட்டையில் கைவேலை, பூட்டின் பக்கத்தில் இலை கொடி. ஒரு நகரத்துக் கடையில் பார்த்தேன். "எந்தத் தோட்டாவும் போடலாம் சார், வெள்ளைக்காரன் செய்தது" என்றார் கடைக்காரர். நான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், வயதான ஒரு துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் காட்டினேன். அவர் கட்டையைப் பார்க்கவே இல்லை. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்து, அடிப்பக்கத் தட்டையான இடத்தில் இருந்த முத்திரைகளை ஈரத்துணியால் துடைத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இங்கிலாந்தில் ஒரு துப்பாக்கி விற்பனைக்கு வருவதற்கு முன் லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ அதிக வெடிமருந்து போட்டுச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும். கரிமருந்துக்குச் சோதித்தது வேறு, இப்போதைய புகையில்லா மருந்துக்குச் சோதித்தது வேறு. பின்னதாக இருந்தால் நைட்ரோ என்ற சொல் பொறித்திருக்கும். என் துப்பாக்கியில் அது இல்லை. கரிமருந்துக் காலத்து ஆயுதம் அது. கீற்றுகளை ஒட்டிய தையல்களுக்குள் நூறு வருஷத்துக் கரிமருந்தின் உப்பு இறங்கி அரித்திருந்தால், வெளியே பளபளவென்றுதான் இருக்கும். இன்றைய தோட்டாவைப் போட்டால் ஒரு நாள் இடதுகைப் பக்கம் குழல் பிளக்கும். இடதுகை எங்கே இருக்கும்? அந்தக் குழலுக்கு அடியில்.

அவர் இன்னொன்றும் காட்டினார். தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70. நீளமான தோட்டா உள்ளே போகாது என்று நினைப்போம். போய்விடும், அதுதான் ஆபத்து. தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 70-ம் 65-இல் வசதியாக உட்காரும். சுட்ட பிறகுதான் அந்த மடிப்பு விரியும். விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும். அழுத்தம் ஏறும். ஒரு தடவை தாங்கும், பத்துத் தடவை தாங்கும். "பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அவர் கூலிகூட வாங்கவில்லை.

இரண்டு வருஷம் வைத்திருந்து, பழைய துப்பாக்கி சேர்க்கும் லைசென்ஸ்காரர் ஒருவருக்கு உள்ளதைச் சொல்லி விற்றேன். வாங்கிய விலையில் பாதி வந்தது. விற்பதானால் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும், வாங்குபவருக்கு அந்த வகைக்கு உரிமம் இருக்க வேண்டும். இதெல்லாம் வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. வண்டி மாதிரி நாளைக்கே கைமாற்றிவிட முடியாது.

அடி பட்டதால் அடுத்ததை நிதானமாகத் தேடினேன். 2008-இல் கிடைத்த அந்த இரட்டைக்குழல்தான் என் வாழ்க்கையில் கொடுத்த பணத்துக்கு முழுசாக நிறைவு தந்த பொருள். வெப்லி அண்டு ஸ்காட், பர்மிங்ஹாம் தயாரிப்பு, குதிரை உள்ளே மறைந்திருக்கும் வகை. அலங்காரம் எதுவும் இல்லை. கட்டையில் வார்னிஷ் போய், முன்னால் வைத்திருந்தவரின் கன்னம் பட்ட இடம் கறுத்திருந்தது. கடையில் அதற்குப் பக்கத்தில் பளபளவென்று நாலு இருந்தன. இதை எடுத்ததற்குக் காரணங்களைச் சொல்கிறேன். நீங்கள் எந்த இரட்டைக்குழல் பார்த்தாலும் இவைதான் உதவும்.

முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியாக எடுங்கள். கீழே உள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் லேசாகத் தட்டுங்கள். இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் பற்று நன்றாக இருந்தால் வெண்கலத்தைத் தட்டியது போல நின்று ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் ஓட்டைச் சட்டி மாதிரி சொத்தென்று சத்தம் வரும். காய்கறிச் சந்தையில் தேங்காய் தட்டிப் பார்ப்பவருக்கு இது புதிதில்லை. என் துப்பாக்கி மூன்று விநாடி ரீங்காரமிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் குழலை ஜன்னல் பக்கம் திருப்பி, ஜன்னல் சட்டத்தின் நிழல் உள்ளே விழும்படி பாருங்கள். நிழல் நேர்க்கோடாக வாய் வரை ஓட வேண்டும். நடுவில் வளைந்தாலோ உடைந்தாலோ அங்கே குழி இருக்கிறது. வளையமாகக் கறுப்பு நிழல் தெரிந்தால் எப்போதோ அடைப்போடு சுட்டுக் குழல் உப்பியிருக்கிறது, தொடவே தொடாதீர்கள். பிறகு முன்கட்டை இல்லாமலேயே குழலைக் கட்டையில் மாட்டி மூடி, காதோரம் வைத்து ஆட்டுங்கள். கடகடத்தால் கீல் தேய்ந்துவிட்டது. முன்கட்டை போட்டபிறகு ஆட்டினால் இந்தத் தேய்மானம் தெரியாது, விற்பவர்கள் அதனால்தான் முழுசாகப் பூட்டியே கையில் கொடுப்பார்கள்.

கடைசியில் பொருத்தம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. காலித் துப்பாக்கி என்று இரண்டு முறை உறுதி செய்துவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடித் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறந்தால் குழலின் மேல்பட்டை நேராக அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைச் சாய்த்தோ சரிசெய்ய வேண்டியிருந்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை. என்னுடையது கட்டை நீளம். வெள்ளைக்காரன் உடம்புக்குச் செய்தது, நான் குட்டை. பழைய வால்நட் கட்டையை வெட்ட மனசு வராமல் ஒரு வருஷம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு அதே ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து அரை அங்குலம் எடுத்தோம். வெட்டிய துண்டை இன்னும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தோளில் ஏற்றிய நொடியே தெரிந்தது, இது இனி எனது.

ரைபிள் கிளப் மைதானத்தில் அதைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன். 40 கஜ தூரத்தில் பெரிய வெள்ளைத்தாள் கட்டி, நடுவில் சுட்டு, ரவை அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ண வேண்டும். முழு சோக், அதாவது வாய்ப்பக்கம் நன்றாகக் குறுகிய குழல் என்றால் தோட்டாவில் உள்ள ரவையில் 70 சதவீதம் வட்டத்துக்குள் விழும், சோக்கே இல்லாத குழலில் சுமார் 40. என் துப்பாக்கியின் வலதுகுழல் பாதிக்குக் கொஞ்சம் மேல், இடதுகுழல் அதைவிட நெருக்கம். பென்சிலால் ஒவ்வொரு ஓட்டையாகக் குறித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எண்ணினேன். துப்பாக்கி வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இதைச் செய்வதில்லை. செய்தால் தங்கள் துப்பாக்கி எவ்வளவு தூரத்துக்கு மேல் பயனில்லை என்று புரியும். நாற்பது கஜத்துக்கு மேல் ரவைத் தோட்டா என்பது காயப்படுத்தத்தான் உதவும்.

விலை ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். 1980களின் நடுவிலிருந்து தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது கிட்டத்தட்ட நின்றுபோனது. உள்ளே இருப்பதுதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதனால் பழைய பெயருக்குப் பொன் விலை. உங்கள் கையிருப்புக்கு உள்நாட்டுத் தயாரிப்பே சரி. மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ஆலையின் இரட்டைக்குழல் இருக்கிறது, ஜம்முவிலும் முங்கேரிலும் பரம்பரையாகச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. தட்டிப் பார்ப்பதும் நிழல் பார்ப்பதும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பன்னிரண்டு போரில் இன்னொரு நிம்மதி தோட்டா. கட்கி ஆலையின் சக்திமான் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். வாங்கும் துப்பாக்கிக்குத் தோட்டா எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் வாங்கிவிட்டு ஒவ்வொரு ஊராக அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ரிவால்வர் கதைக்கு வருகிறேன். 2012-இல் வாங்கினேன். காரணம் இருந்தது. தக்காளிக்கு நல்ல விலை போன வருஷம், ராயக்கோட்டை மண்டியிலிருந்து ராத்திரியில் பணத்தோடு வர வேண்டியிருந்தது. நீளத் துப்பாக்கியைப் பைக்கில் கட்டிக்கொண்டு போக முடியுமா? நம் நாட்டில் சாதாரண ஆளுக்கு 9 எம்எம், .303 போன்றவை தடை செய்யப்பட்ட வகை. கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 தான். ஆறு தோட்டா, மூன்றங்குலக் குழல். ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. பொருளில் குறை சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதைச் செய்தது. வாங்கிய காரணம்தான் தவறு.

மைதானத்தில் பத்து மீட்டரில் ஆறு தோட்டா சுட்டேன். தாளில் பட்டது இரண்டு. குழல் குட்டை, விசை கனம். இழுக்கும்போதே வாய் கீழே இறங்கும். தினமும் பழகினால் கை பழகும், ஆனால் தோட்டா விலைக்கும் லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கும் எங்கே தினமும் பழகுவது? பன்னிரண்டு போரைப் பயப்படுகிறவர் கையில் கொடுத்தாலும் பக்கத்திலாவது படும். கைத்துப்பாக்கி அப்படி இல்லை, பழகாதவர் கையில் அது வெறும் சத்தம்.

வீட்டில் வைத்திருப்பது அடுத்த கஷ்டம். பிள்ளைகள் அப்போது சின்னவர்கள். சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில், சாவி வேறு இடத்தில். அப்படித்தான் வைக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. ராத்திரி கதவைத் தட்டினால் இரண்டு சாவி தேடி எடுக்கும் நேரத்தில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். தலையணைக்கடியில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து, பெட்டிக்குள் வைத்தால் நமக்குப் பயனில்லை. நீளத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும், ஆனால் அதை நான் அந்த நொடிக்காக வாங்கவில்லை.

உண்மையான ஏமாற்றம் வேறு. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு ஒன்று ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. பெரிய மனிதர், அப்பாவின் சிநேகிதர், எனக்குச் சின்ன வயதில் பரண் கட்டக் கற்றுக்கொடுத்தவர். ஒரு நாள் மண்டியிலிருந்து வரும் வழியில் வரப்பிலேயே நின்று பேசினோம். அவர் குரலை உயர்த்தி, கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் காற்றில் என் சட்டை விலகியது. அவர் கண் என் இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது. நீட்டிய கை மெல்ல இறங்கியது. "சரி தம்பி, உன் இஷ்டப்படி கல் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை, கையைக்கூட வைக்கவில்லை. ஆனால் அவர் பேச்சில் தோற்று அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய், அவர் சொன்ன இடத்திலேயே கல் நட்டோம். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதை இடுப்பில் செருகவில்லை. எட்டு வருஷம் பெட்டியில் கிடந்தது, நானும் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். 2020-இல் கடையில் ஒப்படைத்து, அவர்கள் மூலம் இன்னொருவருக்குப் போனது.

கல்யாணம், திருவிழாவுக்கு எடுத்துப் போகலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கொண்டாட்டத்துக்காக மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதே 2019 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல திருத்தம் அது.

அப்பாவின் நாட்டுத் துப்பாக்கி நான் வாங்கியதில்லை. ஆனாலும் மற்றதையெல்லாம் அதை வைத்துத்தான் அளக்கிறேன். வாய்வழியாக மருந்து போட்டு, ரவை போட்டு, கம்பியால் இடித்து, பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மாட்டிச் சுடும் வகை. ஒரு தடவை சுட்டால் அடுத்ததற்குக் குறைந்தது ஒரு நிமிஷம். அதனால் அப்பா அவசரப்பட்டுச் சுட்டதே இல்லை. ராகிக் காவலுக்குப் பரணில் உட்கார்ந்து, பன்றிக்கூட்டம் வந்தால் ரவை போடாமல் மருந்து மட்டும் போட்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். அவர் இறந்த பிறகு வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தேன். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதால் தருமபுரியில் இருந்த கோப்பு இங்கே வந்தது. வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே எழுபது வயதானாலோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வீட்டில் பெரியவர் துப்பாக்கி இருந்தால் கடைக்குப் போகுமுன் அதை யோசியுங்கள்.

இதைப் பராமரிப்பதில் நான் ஒரு தவறு செய்தேன். கரிமருந்தின் கசடு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், ஒரே ராத்திரியில் துரு ஏறும். சுட்ட அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். நான் தேங்காய் எண்ணெய் போட்டேன். தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் அது உறைந்து, குதிரைக்கு அடியில் மெழுகாகப் பிடித்துக்கொண்டது. குதிரை பாதியில் நின்றது. தையல் மெஷின் எண்ணெய் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தால் கட்டையில் வையுங்கள், இரும்பில் வேண்டாம், ஈரம் நின்று புள்ளி விழும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் காவல்துறையும் வனத்துறையும் அடிக்கடி அறிவிப்பு கொடுக்கிறார்கள். பார்வைக்கு என்னுடையதும் அவையும் ஒன்றுபோல்தான் இருக்கும். குழலில் எண் இருக்கிறது, லைசென்ஸில் அதே எண் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே எடுக்கும்போது அசல் லைசென்ஸ் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கேப்பும் கரிமருந்தும் முறையாகக் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. அதனால் புதிதாக இந்த வகையை வாங்க உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்கு இது அப்பாவின் தோள்.

பயிர்க் காவலுக்காக வாங்குகிறேன் என்றீர்கள். அதில் ஒரு தெளிவு வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் என்பது மிருகத்தைச் சுடும் லைசென்ஸ் இல்லை. காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டப் பட்டியலில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படியும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடுவார்கள், நாம் இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள் அவர்களும் சுட மாட்டார்கள். நம் நிலங்கள் பெரும்பாலும் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான். யானையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ராகி பால் பிடிக்கும் நேரத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாகக் கூட்டம் வருகிறது. நம் வயிறு எரிகிறது, எனக்கும்தான். ஆனால் பன்னிரண்டு போர் ரவை யானையைக் கொல்லாது. தோலுக்குள் இறங்கிச் சீழ் பிடித்து மாதக்கணக்கில் வதைக்கும், அந்த வலியில் அது மனிதரைத் தேடி வரும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மின்வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றி வந்ததைப் பார்த்தோம். மின்வேலியும், தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் நம் பயிருக்காக என்று சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள். என் வெப்லி இந்தப் பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஒரு உயிரையும் எடுக்கவில்லை, அதுவும் அதைப் பிடித்ததற்கு ஒரு காரணம்.

இடையில் சின்னதாக ஒரு நல்ல கொள்முதல்: .177 ஏர் ரைபிள். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். பிரிசிஹோல் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளே நன்றாக வந்துவிட்டன. மூச்சைப் பிடிப்பதும் விசையை இழுக்காமல் அழுத்துவதும் அதில்தான் எனக்கு வந்தது. என் மகள் அதில் பழகித்தான் கிளப்பில் சேர்ந்தாள். மயிலைக் குறி வைக்க மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள், வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை அது.

இன்னும் ஒன்று, தேர்தல். தேதி அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-இல் மார்ச் நடுவில் கொடுத்தது ஜூன் வரை கையில் இல்லை. நமக்கு ஏப்ரல் 19-லேயே வாக்குப்பதிவு முடிந்தாலும் நாடு முழுக்க எண்ணி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். முன்பு ஒரு தேர்தலில் தோல் உறையில் போட்டுக் கொடுத்து, திரும்ப வாங்கும்போது குழலின் மேல் உறையின் தையல் வடிவத்திலேயே துரு இருந்தது. தோல் ஈரம் பிடிக்கும், எனக்கு அது தெரியாமல் போனது. இப்போது எண்ணெய் தடவி, உலர்ந்த காடாத்துணியில் சுற்றி, எண், கீறல், பள்ளம் எல்லாம் எழுதி ரசீதில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். நம் ஊரில் துப்பாக்கியின் ஆயுளில் பாதி பெட்டிக்குள்ளும் ஒப்படைப்பிலும்தான் போகிறது. அதைத் தாங்கும் பொருளாக வாங்க வேண்டும்.

ஆக உங்களுக்கு: உள்நாட்டுப் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல், 70 மில்லிமீட்டர் அறை. எழுபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட அலங்காரத்துக்குக் கொடுக்காதீர்கள். மிச்சத்தில் நல்ல இரும்புப் பெட்டி, ஒரு ஏர் ரைபிள், கிளப் சந்தா. ரிவால்வருக்கான இடம் லைசென்ஸில் காலியாகவே இருக்கட்டும், இரண்டு வருஷம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசுவோம். கடைக்குப் போகும் நாளை ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். காலை நேரமாகப் பாருங்கள், ஜன்னல் வெளிச்சம் வேண்டும்.